தோட்டம், பனி, பள்ளம்

திட்டக்குடியில் மார்கழி விடியலில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெள்ளாற்றங்கரைப் பக்கம் போகிறவர் 'என்னா பனி கொட்டுது' என்பார். அவர் சொல்வது நீர்ப்பனி. வெயில் ஏறினால் போய்விடும். கொல்லையில் நிற்கும் கத்தரியும் அவரையும் அதனால் ஒரே ராத்திரியில் கருகிச் சாவதில்லை. தொல்காப்பியம் வகுத்த ஆறு பெரும்பொழுதில் முன்பனியும் பின்பனியும் உண்டு. ஆனால் இலைக்குள் இருக்கும் நீரே கட்டியாகி இலையைக் கொல்லும் உறைபனிக்கு அந்தப் பகுப்பில் தனியாக இடமில்லை. அப்படீன்னா உறைபனியோடு மல்லுக்கட்டிக் காய்கறி விளைவித்த தமிழருக்கு வரலாறு கிடையாதா? இருக்கிறது. நாம்தான் அதை வரலாறாக வாசிக்கவில்லை.

வெள்ளாற்றுக்கு இக்கரை தென்னார்க்காடு, அக்கரை திருச்சி ஜில்லா என்றிருந்த 19ஆம் நூற்றாண்டில், இந்த ஜில்லாக்களிலிருந்தும் சேலம், மதுரை, தஞ்சைப் பகுதிகளிலிருந்தும் பஞ்சமும் கடனும் துரத்தக் கங்காணி பின்னால் இலங்கைக்குப் போனவர்கள் பலர். அவர்களில் பெரும்பகுதி தலித்துகள். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். வழியிலேயே காலராவில் விழுந்தவர்களும் உண்டு. ஏறிய மலையில் நிலம் ஏற்கெனவே கைமாறியிருந்தது. உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடியரசின் சொத்தாகக் கொள்ள 1840ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. அந்நிலத்தில் காப்பி வந்தது. 1869இல் காப்பியை இலைத்துரு நோய் பிடித்தபின் தேயிலை வந்தது.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். நம்மூரில் தோட்டம் என்றால் கிணற்றடியில் வெண்டையும் மிளகாயும் நிற்கும் இடம். மலையகத்தில் தோட்டம் என்றால் துரையின் எஸ்டேட். தன் கையால் பாத்தி கட்டி நீர் ஊற்றும் இடத்தைக் குறித்த சொல், தன்னைக் கட்டிவைத்திருக்கும் நிறுவனத்தின் பெயராகிவிட்டது. கடைசியில் 'தோட்டக்காட்டான்' என்ற வசையும் அதிலிருந்தே பிறந்தது. லயத்துக்குப் பின்னால் கிடைத்த துண்டு நிலத்தில் கோவா, லீக்ஸ், கேரட், போஞ்சி, உருளைக்கிழங்கு போட்டவர்கள் அதை 'மரக்கறித் தோட்டம்' என்று அடைமொழி கொடுத்துத்தான் மீட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்தக் காய்கறிகளுக்கும் ஒரு காலனிய வரலாறு உண்டு. 1848இல் நுவரெலியாவில் சாமுவேல் பேக்கர் ஓர் இங்கிலீஷ் பண்ணையையே நிறுவப் புறப்பட்டார். அவர் அதைப் புத்தகமாக எழுதினார், வரலாற்றில் இடம் பிடித்தார். அதே மலையில் ஜனவரி, பிப்ரவரி விடியற்காலைகளில் பாத்திமேல் புல்லைப் பரப்பி மூடியவர்கள் எழுதவில்லை.

உறைபனி இயற்கைதானே, அதில் என்ன அரசியல் என்று கேட்கலாம். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையோடு குளிர்ந்த காற்று கனமாகித் தண்ணீர் மாதிரியே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. மேட்டுச் சரிவு தப்பும், பள்ளம் வெளுக்கும். சரி, சரிவு யாருக்கு? தேயிலைக்கு. கூலிக்காரரின் பாத்திக்குக் கிடைத்தது தேயிலைக்கு உதவாத ஓடைக்கரையும் பள்ளமும். சேரி ஊரின் தாழ்ந்த பக்கம், மழைத்தண்ணி வடிகிற திசையில் இருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பனி எல்லார் மேலும் பெய்கிறது, ஆனால் தேங்குமிடத்தை நில உறவு முடிவுசெய்கிறது.

இந்தத் துண்டு நிலம் இங்கிலாந்திலும் ஒரு பழைய தந்திரம். 1649இல் வின்ஸ்டன்லியும் தோழர்களும் சர்ரேயில் பொதுநிலத்தைக் கொத்திக் கேரட்டும் பீன்ஸும் விதைத்தபோது அடித்து விரட்டப்பட்டார்கள். பிறகு பொதுநிலங்களுக்கு வேலி போடப்பட்டது. 1845ஆம் ஆண்டு வேலியடைப்புச் சட்டம், பறித்ததில் ஒரு துணுக்கை ஏழைகளின் காய்கறிக்கென ஒதுக்க இடம் வைத்தது. 1908ஆம் ஆண்டுச் சட்டம் கேட்பவர்களுக்கு வாடகைப் பாத்தி தருவதை உள்ளாட்சிகளின் கடமையாக்கியது. பறித்தவரே பிச்சையாகக் கொடுத்ததுதான், ஆனாலும் அங்கே அது கேட்டுவாங்கும் உரிமையாக மாறியது. லயத்துப் பாத்தி துரையின் தயவாகவே நின்றது. குழம்புக்குக் காய் வீட்டிலேயே விளைந்தால் கூலியை ஏற்றவும் வேண்டாமே! பாத்தி தொழிலாளியின் வயிற்றையும் காத்தது, முதலாளியின் கணக்கையும் காத்தது.

1948இல் குடியுரிமை போனது. 1964 ஒப்பந்தத்தில் சிறிமாவும் சாஸ்திரியும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1973-74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. கப்பலேறியவர்கள் விதையைக் கொண்டுவரலாம், நின்ற பயிரைக் கொண்டுவர முடியாது. அவர்களில் பலர் நீலகிரி வந்தார்கள். சிலருக்கு 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை, சிலருக்குப் பிறர் காய்கறி நிலத்தில் கூலி. அங்கே உருளைக்கிழங்குக்கு நீர்போகம், கார்போகம், கடைபோகம் என மூன்று பட்டம். நீர்போகம் பனி விலகாத தை, மாசியில் பள்ளத்து ஈரநிலத்தில் ஊன்றப்படுவது. மறுபடியும் பள்ளம், மறுபடியும் பனி.

கோவாவும் லீக்ஸும் பனியைத் தாங்கும், போஞ்சியும் கிழங்குச் செடியும் கருகும். எதை எந்த மாதம் எந்த மூலையில் போடுவது, வெயில் படுமுன் எப்போது நீர் தெளித்துப் பனியைக் கரைப்பது என்பதெல்லாம் உழைப்பவர் கைக்கணக்கு. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற நம் ஊர்ப் பழமொழி எவ்வளவு அறிவோ, இதுவும் அவ்வளவு அறிவு. ஒன்றைப் பண்பாடு என்கிறோம், இன்னொன்றைக் கூலிவேலை என்கிறோம்.

2015 வாக்கில் இலங்கை அரசு மலையகத் தொழிலாளர் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலத்தோடு தனிவீடு என்று அறிவித்தது. நம் கணக்கில் அது நாலரை சென்ட்டுகூட இல்லை. வீடு போக மிஞ்சுவது சில பாத்திகள். நூற்றைம்பது வருஷ உழைப்புக்கு அது ரொம்பக் கம்மி. ஆனாலும் பத்திரத்தோடு கிடைக்கும் பாத்தியை யாரும் தயவு என்று சொல்ல முடியாது. கேட்க வேண்டியது இன்னும் எத்தனை பேர்ச் என்பது மட்டுமல்ல, சரிவிலா பள்ளத்திலா என்பதும்தான்.