அக்டோபர் கடலும் ஒரு பிரெஞ்சுத் தளபதியும்

நான் ஊத்துக்கோட்டைக்காரன். தீபாவளி லீவுல கோவளத்துக்கு சர்ஃபிங் போகலாம்னு நாலு பேர் பிளான் போட்டோம். சொல்லிக்கொடுக்கிற மீனவ அண்ணன் போன்லயே சொல்லிட்டார்: "காத்து திரும்பிடுச்சு தம்பி. புதுசா கத்துக்கிறவங்க ஜூலைல வாங்க." எனக்குக் கடுப்பு. அப்புறம்தான் இந்தக் கதை ஞாபகம் வந்துச்சு.

1746 செப்டம்பர். பிரெஞ்சுத் தளபதி லா போர்தொனே சென்னையை ஆங்கிலேயர்கிட்ட இருந்து பிடிக்கிறார். அப்போ இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்துல நங்கூரம் போடும். ஆளும் சரக்கும் மசூலா படகுலதான் அலையைத் தாண்டணும். அந்தப் படகுல ஆணி கிடையாது. கயித்தால தைச்ச பலகை. அலை அடிச்சா வளைஞ்சு கொடுக்கும், உடையாது.

வடகிழக்குப் பருவக்காத்து கப்பலைக் கரைப்பக்கமே தள்ளும். அதனால அக்டோபர் நடுவுக்குள்ள கிளம்பிடுறது மாலுமிகளோட வழக்கம். தளபதிக்கும் அது தெரியும். ஆனா பணம் வாங்கிட்டு ஊரைத் திருப்பிக் கொடுக்கலாமாங்கிறதுல புதுச்சேரி கவர்னர் டூப்ளேயோட தகராறு. அதுலயே நாள் ஓடிடுச்சு. அக்டோபர் 13 ராத்திரி புயல் அடிச்சது. கப்பல்கள் மூழ்கின; நூத்துக்கணக்கான மாலுமிகள் செத்தாங்க.

பிச்சாட்டூர் அணை திறந்து, ஆரணி ஆத்துத் தரைப்பாலம் மூழ்கினதைப் பாத்து வளர்ந்தவன் நான். எனக்கே பருவம் மறந்துபோச்சு, பாருங்க.

டிக்கெட்டை ஜூலைக்கு மாத்தியாச்சு. அப்போ தெற்கு மகாசமுத்திரத்துல இருந்து அலை சீரா வரும். காலையில காத்து நிலத்துல இருந்து வீசும். காத்திருக்கலாம்.