ஓய்வுக்கு எந்த ஊர்? பர்மா போனவர்கள் சொல்லித் தரும் கணக்கு

கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவர்களே இப்போது ஓய்வு பெறும் வயதுக்கு வந்துவிட்டார்கள். "சார், சென்னையில் வாடகை கட்டுப்படியாகாது. திருச்சிக்குப் போகலாமா, ஊருக்கே வந்துவிடலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். கண்டரமாணிக்கத்தில் இருந்துகொண்டு இதற்குப் பதில் சொல்ல, நம் பக்கத்து வரலாறே போதும்.

1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமானது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்தது. காடு திருத்தி நெல் போட்ட விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தவர்கள் நம் நகரத்தார். இதைக் "கொண்டுவிக்கப் போவது" என்பார்கள். பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, மேலாளாக உயர்வார்கள். பெரும்பாலும் மூன்று வருடக் கணக்கு. அது முடிந்தால் ஊர் திரும்பி, சில காலம் இருந்துவிட்டு மறுபடி கப்பல் ஏறுவார்கள். சம்பாத்தியம் ரங்கூனில், பினாங்கில், கொழும்பில். வீடும் கல்யாணமும் முதுமையும் மட்டும் இந்த வறண்ட செம்மண்ணில்.

இங்கே என்ன இருந்தது? ஆறு இல்லை. அதனால் ஊருணி வெட்டினார்கள். கோயில் திருப்பணி செய்தார்கள், பாடசாலை வைத்தார்கள். வெயிலுக்கு ஏற்ற வீடு கட்டினார்கள். தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, காற்று வர முற்றம், காலுக்குக் குளிர்ச்சியாக ஆத்தங்குடிக் கல். ஓய்வு காலத்துக்கு வேண்டியதைக் கையில் பணம் வரும்போதே செய்துவைத்தார்கள்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. மகனுக்குக் கல்யாணமானதும் "வேறு வைத்து"விடுவார்கள். வீடு ஒன்றுதான், அடுப்பு வேறு. வருடச் செலவுக்கு இன்னது என்று வரையறுத்துக் கொடுத்துவிடுவார்கள். பெரியவர்களுக்குத் தங்கள் சமையல், தங்கள் கணக்கு. ஒரு குரல் கொடுத்தால் ஓடிவரப் பிள்ளைகள். மாமியார் மருமகள் சண்டைக்கும் வழி குறைவு!

பிறகு வந்தது சோதனை. 1930களில் நெல் விலை சரிந்தது. கடன் வாங்கியவர்களால் பணம் கட்ட முடியவில்லை. நிலம்தான் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதமாக இருந்த அவர்கள் நிலம், 1937வாக்கில் 25 சதவீதமானது. பார்க்கப் பெரிய சொத்து. ஆனால் அந்நிய மண்ணில் முடங்கிய சொத்து. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. இந்தியர்கள் லட்சக்கணக்கில் திரும்பினார்கள், பலர் கால்நடையாகவே. 1948இல் பர்மாவில் நில தேசியமயச் சட்டம் வந்தது. 1963, 1964இல் வங்கிகளும் கடைகளும் போயின. ஊரில் வீடு வைத்திருந்தவர்களுக்கு ஒதுங்க இடமாவது இருந்தது.

அந்த வீடே சுமையானதையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு வருமானத்தை நம்பிக் கட்டிய வீட்டை, அது நின்ற பிறகு பராமரிக்க முடியவில்லை. பங்குகள் பெருகின. பிள்ளைகள் சென்னைக்குப் போனார்கள். தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன.

காரைக்குடியைப் பாருங்கள். வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947இல் கல்லூரி தொடங்கினார். அவர் கொடுத்த நிலத்திலும் நிதியிலும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உருவாகி 1953இல் திறக்கப்பட்டது. இளையவர்கள் வந்தார்கள், பின்னாலேயே கடை, பஸ், வைத்தியர் எல்லாம் வந்தன. இளையவர்களுக்குப் பிழைப்பு இருக்கும் ஊரில்தான் முதியவர்களுக்கும் வசதி இருக்கும். வாடகை மலிவு என்பதை மட்டும் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

ஆகவே என் பதில் இதுதான். ஊருக்கு வருவதானால் வாருங்கள். காய்கறியும் வாடகையும் இங்கே பென்ஷனுக்குள் அடங்கும். ஆனால் பெரிய வைத்தியத்துக்குக் காரைக்குடிக்கோ மதுரைக்கோதான் போகவேண்டும். தண்ணீர், இரவில் வண்டி, கூப்பிட்டால் வரும் மனிதர்கள், இந்த மூன்றையும் விசாரியுங்கள். இருவர் பெருக்கித் துடைக்க முடிந்த அளவுக்கு மட்டும் வீடு கட்டுங்கள். பூர்வீக வீட்டில் பங்கு இருந்தால், பங்காளிகள் எல்லோரும் நல்லபடி இருக்கும்போதே பேசி எழுதிவையுங்கள்.

முடிவெடுக்கும் முன், திருவிழாவுக்கு வந்து மூன்று நாளில் திரும்பாமல், சித்திரை வெயிலில் ஒரு மாதம் இங்கே தங்கிப் பாருங்கள். நம் வீட்டில் சாப்பாடு உண்டு.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
கண்டரமாணிக்கம்.