மலையக இளைஞரும் மதுவும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

மலையகத் தோட்டங்களில் இளைஞர் மதுவுக்கு ஆட்படுவதை ஆராய்வோர் குடும்பம், நட்பு, மனநிலை ஆகிய மூன்றையும் காரணங்களாகச் சுட்டுவது வழக்கம். மூன்றும் மெய்யே. ஆயின் இவை ஒவ்வொன்றுக்கும் வரலாறு உண்டு என்பதையே நாம் இங்கு வற்புறுத்த விழைகிறோம்.

கோப்பிக் காலத்தில், பருவந்தோறும் வந்து திரும்பிய ஆண் தொழிலாளரை மனத்திற்கொண்டு எழுந்தது லயன் குடியிருப்பு. 1870களுக்குப் பின் தேயிலை குடும்பங்களை நிலையாக இருத்தியபோதும் அம்முறை மாறவில்லை. ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட ஓர் அறையில் தந்தை குடிப்பதையும் தாய் அடிபடுவதையும் மகன் கண்டே வளர்கிறான். நகரத்து நடுத்தர வர்க்கத்தின் குடியை மறைக்கச் சுவர்கள் உண்டு. லயத்துக் குடிக்கு அவ்வசதி இல்லை. ஒழுக்கக்கேடு தொழிலாளியின் தனிச்சொத்து என்ற எண்ணம் ஓரளவு இதனாலேயே பிறந்தது.

அத்தந்தையின் குடியும் தானாக முளைத்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாராயக் குத்தகையை ஏலம்விட்டு வருவாய் ஈட்டியது குடியேற்ற அரசு. தொழிலாளியின் கடனைத் தோட்டத்துக்குத் தோட்டம் சுமந்து சென்ற துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது, தவறணை ஒழியவில்லை. 1904இலும் 1912இலும் சிங்களப் பௌத்தரிடையே மதுவிலக்கு இயக்கம் தேசிய உணர்வோடு கலந்து எழுந்தது. தோட்டத் தொழிலாளியோ அத்தேசியத்தின் புறத்தே நின்றான்.

1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. தான் எந்நாட்டவன் என்றறியாமல் ஒரு தலைமுறை வளர்ந்தது. எஞ்சிய நாடற்றோர்க்கு 2003இல் சட்டம் வழி செய்தது. நிலமோ வீட்டுரிமையோ அதனுடன் வந்துவிடவில்லை. இன்று பள்ளி சென்ற இளைஞன் பெரட்டுக்களத்தில் நிற்க நாணுகிறான். கொழும்பில் கடைச் சிப்பந்தியாகிறான். தீபாவளிக்கு ஹட்டனில் வந்திறங்கி நண்பருடன் குடிப்பது, தோட்டத்திலிருந்து தான் தப்பியதை அறிவிக்கும் சடங்காகவும் அமைகிறது. வேலையின்றி லயத்திலேயே தங்கிவிட்டவன் அக்கூட்டத்தில் கடன்பட்டுக் குடிக்கிறான். அவனது மனச்சோர்வைத் திமிர் என்றும் சோம்பல் என்றுமே வீட்டார் அழைக்கின்றனர். 21 வயதுக்குட்பட்டோர்க்கு மது விற்பதை 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. கசிப்பு விற்போர் வயது கேட்பதில்லை.

ஆங்கிலத் தொழிலாளரின் குடிக்கு அவர்தம் வாழ்நிலையே பொறுப்பென 1845இலேயே எங்கெல்ஸ் காட்டினார். அவ்விளக்கம் சரியானதே, எனினும் அடிபடும் பெண்ணுக்கு அது மறுமொழியாகாது. கொழுந்து பறிக்கும் பெண் ஆணுக்கு நிகரான நாட்கூலியை 1984இலேயே பெற்றாள். அக்கூலி கணவன் கைவழியாகத் தவறணைக்குச் செல்லுமாயின், கூலி உயர்வும் குடியும் தொழிற்சங்கத்துக்கு வெவ்வேறு பிரச்சினைகளாக இருத்தல் இயலாது.