சைக்கிள் விளக்கு

சைக்கிளில் விளக்கு மாட்டியது வழி பார்க்கவா, போலீஸ்காரருக்குப் பயந்தா என்பது எனக்கு நெடுநாள் சந்தேகம். மண்ணெண்ணெய் விளக்கு காற்றில் அணையும். கார்பைடு விளக்கில் கல்மேல் தண்ணீர் சொட்ட, அசிட்டிலீன் வாயு எரியும். பிறகு டைனமோ வந்தது. 1949-ல் தோன்றிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்த வண்டிகளிலும் அது டயரை உரசிக்கொண்டு ஓடிற்று. மூன்று வாட், மிதித்தால் வெளிச்சம், நின்றால் இருட்டு. அது யார் கண்ணைக் கூசச் செய்யும்?

அம்பத்தூருக்கு வடக்கே, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர்களின் சைக்கிள்களில் இன்று பாட்டரி எல்.இ.டி. விளக்குகளைப் பார்க்கிறேன். பலவற்றின் ஒளி டார்ச்சைப் போல வட்டமாக விரிகிறது: பாதி ரோட்டில், பாதி எதிராளி முகத்தில். கூசிய கண் இருட்டுக்குப் பழகுமுன் ஜி.என்.டி. ரோட்டில் லாரி வந்துவிடும். ஜெர்மனியில் சைக்கிள் விளக்கின் ஒளி மேலே எழாதபடி சட்டமே உண்டு. நம் லாரிக்காரர்கள் முகப்பு விளக்கின் மேல்பக்கம் கறுப்புப் பூசியதும் அதற்குத்தான். சைக்கிளுக்குச் சாயம்கூட வேண்டாம். ஸ்க்ரூவைத் தளர்த்தி விளக்கைச் சற்றுக் குனிய வைத்தால் ஆயிற்று.