மலையடிவாரத்துக் கல்லூரிக்கு முன்

திருவண்ணாமலையில் அரசு கலைக் கல்லூரி தோன்றியது 1966-இல். ஆனால் அரசியல் அதற்கு முன்னரே இவ்வூர்க் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. 1957-இல் தி.மு.க. மக்களவைக்கு அனுப்பிய இருவருள் ஒருவர், திருவண்ணாமலைத் தொகுதியின் இரா. தர்மலிங்கம்.

1965 ஜனவரி 26 முதல் இந்தியே ஆட்சிமொழி என்றபோது, தமிழக மாணவரை வீதிக்கு அழைத்தது மொழிப்பற்று மட்டுமன்று. நடுவண் அரசுத் தேர்வுகளில் தமக்கு இடமிராதே என்னும் அச்சமுங்கூட. இவ்வச்சத்தைச் சிறுமையென்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. பிழைப்பைப் பற்றிய கவலையிலேதான் பலர் அரசியலின் அரிச்சுவடியைக் கற்கின்றனர். மறுநாளே சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் காவலரின் துப்பாக்கிக்கு இரையானார். (அப்பல்கலைக்கழகத்தின் பெயர் நம் மலையைக் குறிப்பதன்று, அதை நிறுவிய செட்டியாரின் பெயர்.) அதன்பின், கட்சி சாரா மாணவர் என்போர் அரிதாயினர்.

1967-இல் விருதுநகரில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் 1,285 வாக்குகளில் காமராசரை வென்றார். ஊர்தோறும் பள்ளியும் மதிய உணவும் தந்தவரை ஒரு மாணவர் வீழ்த்தியது நம் நெஞ்சை இன்றும் உறுத்துகிறது. திருவண்ணாமலைக் கல்லூரியின் முதல் அணியினர் பாடநூலைப் பிரித்தது இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையில்தான்.