மாசாய் வந்த சுண்ணம்

யாழ்ப்பாணத்துக் கிணற்று நீருக்குப் பழகியோர் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ குடியமர்ந்ததும் முதலில் உணரும் வேறுபாடுகளுள் நீரும் ஒன்றாகும். அங்கே சவர்க்காரம் எளிதில் நுரையாது. கேத்தலின் அடியில் வெண்படை படியும். இங்கே குழாய்நீரில் அவ்விடர் இல்லை. யாழ்ப்பாணம் சுண்ணக்கற் பாறைமேல் அமைந்தது; கொழும்பின் நீரோ லபுகமை முதலிய நீர்த்தேக்கங்களினின்றும் களனி கங்கையினின்றும் வருவது. சலிப்போடு சுரண்டி எறியப்படும் அவ்வெண்படையிலுள்ள கல்சியமே நினைவாற்றல் பற்றிய ஆய்வின் வரலாற்றில் முதன்மை பெற்றது. அதனினும் வியப்பு யாதெனில், ஆய்வுகூடத்துள் அது அழையாமலே புகுந்தமையாகும்.

1882 இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சிட்னி றிங்கர் தவளையின் இதயத்தை உப்புநீரில் நெடுநேரம் துடிக்கச் செய்தார். பின்னர் வடித்த நீரில் ஆக்கிய கரைசலில் துடிப்பு விரைவில் ஓய்ந்தது. முன்னைய கரைசல் வெறுங் குழாய்நீரில் ஆக்கப்பட்டதென்பது அப்பொழுதே தெரியவந்தது. அந்நீரின் சுண்ணமே இதயத்தை இயக்கியது. றிங்கர் அத்தவற்றை மறையாது 1883 இல் அச்சேற்றினார். அவர் கொழும்பிலிருந்து ஆய்ந்திருப்பின் முதல் நாளே இதயம் ஓய்ந்திருக்கவுங் கூடும். காரணந் தேடத் தோன்றியிராது.

இரண்டாம் முறை அது வடிதாளிலே வந்தது. 1950களில் அமெரிக்காவின் சியற்றில் நகரில் எட்மன்ட் பிஷரும் எட்வின் கிறெப்சும் தசையிலுள்ள ஒரு நொதியத்தை ஆராய்ந்தனர். சாற்றை வடிதாளில் வடித்தால் நொதியம் விழிப்புற்ற நிலையிற் கிடைத்தது. வடியாது சுழற்றிப் பிரித்தால் உறங்கிக் கிடந்தது. தாளில் மாசாய் இருந்த கல்சியமே அதனை எழுப்பியதென்பது பின்னரே விளங்கிற்று. அடினோசின் முப்பொசுபேற்றிலிருந்து ஒரு பொசுபேற்றுக் கூட்டம் பெயர்ந்து புரதத்தில் ஏறுவதே அவ்விழிப்பு. இதுவே பொசுபோரிலேற்றம் எனப்படும். இருவரும் 1992 இல் நோபல் பரிசு பெற்றனர். அம்முப்பொசுபேற்றை 1929 இல் ஜேர்மனியில் லோமனும், ஹாவார்ட்டில் பிஸ்கேயும் சுப்பாராவும் தனித்தனியே கண்டனர். சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற சுப்பாராவின் பெயர் லோமனின் பெயரளவுக்கு நினைக்கப்படாமை நீதியன்று.

இத்துணை எளிய பொருள் ஏன் செய்தி சுமக்கின்றது? கலத்துள் கல்சியம் மிகுந்தால் பொசுபேற்றோடு கூடிப் படிந்துவிடும்; எலும்பின் இறுக்கமும் அக்கூட்டினாலேயே வருவது. ஆதலின் கலம் அதனை ஓயாது வெளியேற்றுகின்றது. உள்ளே கட்டற்று உலவுவது வெளியிலுள்ளதில் ஏறத்தாழப் பதினாயிரத்தில் ஒரு பங்கே. விலக்கப்பட்ட பொருள் சிறிது புகுந்தாலும் அதுவே அறிவிப்பாகிவிடுகின்றது.

அவ்வறிவிப்பைப் பற்றிக்கொள்ளும் கல்மொடியூலின் என்னும் புரதத்தை 1970 அளவில் செங்கும் ககியுச்சியும் தனித்தனியே மூளையிற் கண்டனர். 1978 இல் ஷுல்மனும் கிறீன்காட்டும், கல்சியம் சேர்ந்தபோது மூளைக் கலமென்சவ்வின் புரதங்களில் பொசுபேற்று ஏறுவதையும் அதற்குக் கல்மொடியூலின் வேண்டுமென்பதையும் காட்டினர். அவ்வழியில் அறியப்பட்ட நொதியம் ஒன்று பன்னிரண்டு அலகுகளால் ஆனது. தன்மேலே தானே பொசுபேற்றை ஏற்றிக்கொள்வது. கல்சியம் அகன்ற பின்னும் விழித்திருப்பது. அவ்வேற்றம் நிகழும் ஓரிடத்தை மட்டும் மாற்றிய எலிகள், நீர்த்தொட்டியில் மறைந்திருந்த மேடையின் இடத்தைக் கற்க இயலாது தவித்தமை 1998 இல் வெளியாயிற்று.

எனினும் நினைவு அப்பொசுபேற்றிலேயே உறைகின்றதெனல் மிகையாகும். நரம்பிணைப்பு வலுப்பெறத் தொடங்கும்போது, இந்நொதியம் பிற புரதங்களிற் பொசுபேற்றை ஏற்றுவதினும் அவ்விடத்தைப் பற்றி நிற்பதே முதன்மையென 2023 இல் ஓர் ஆய்வு வாதிட்டது.