ரகசியக் கடிதமும் இலவச வகுப்பும்

கோர்ட்டில் ஜெயிக்க நல்ல வக்கீல் வேண்டும். அது எல்லோருக்கும் தெரியும். கேஸே வருவதற்கு முன்னால், ஜட்ஜ் எப்படி யோசிக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டால்? செலவு கொஞ்சம் அதிகம். பொறுமையும் வேண்டும்.

ஆகஸ்ட் 1971. ரிச்மண்ட் நகரத்து வக்கீல் லூயிஸ் பவல், அமெரிக்க வர்த்தக சபைக்கு ஒரு ரகசியக் கடிதம் அனுப்பினார். முப்பத்திச் சொச்சம் பக்கம். பவல் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஃபிலிப் மாரிஸ் சிகரெட் கம்பெனியில் டைரக்டர். அப்போது ரால்ஃப் நாடர் கார் கம்பெனிகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். கல்லூரிகளில் முதலாளிகளுக்கு எதிராக ஒரே கோஷம்.

பவல் சொன்ன வைத்தியம் இதுதான். நம் பக்கம் பேசும் அறிஞர்களை வளருங்கள். பாடப் புத்தகங்களை அலசுங்கள். டி.வி.யைக் கவனியுங்கள். முக்கியமாக, கோர்ட்டை விட்டுவிடாதீர்கள்.

இரண்டே மாதம். அதிபர் நிக்ஸன் அவரையே சுப்ரீம் கோர்ட்டுக்கு நீதிபதியாக முன்மொழிந்தார்! செனட்டும் தலையாட்டியது. கடித விஷயம் பத்திரிகையில் கசிந்தது 1972 செப்டம்பரில். அதற்குள் அவர் நாற்காலியில் உட்கார்ந்தாகிவிட்டது. 1978ல் ஒரு வழக்கு. மக்கள் வாக்கெடுப்புகளில் கம்பெனிகள் பணத்தை இறக்கலாமா? இறக்கலாம் என்று 5க்கு 4 தீர்ப்பு. எழுதியவர்? பவலேதான்.

வகுப்பறைக் கதை இன்னும் சுவாரசியம். 1976ல் ஹென்றி மேன் என்ற சட்டப் பேராசிரியர் ஃபெடரல் நீதிபதிகளுக்குப் பொருளாதார வகுப்பு ஆரம்பித்தார். செலவுக்குப் பணம் கம்பெனிகளிடமிருந்தும் அறக்கட்டளைகளிடமிருந்தும் வந்தது. 1990க்குள் சுமார் 40 சதவிகித நீதிபதிகள் படித்து முடித்துவிட்டார்கள். பிற்பாடு ஆய்வாளர்கள் தீர்ப்புகளைத் தோண்டிப் பார்த்தார்கள். வகுப்புக்குப் போய்வந்தவர்கள், கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்புகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்வது அதிகமாகியிருந்தது.

இதில் லஞ்சம் எங்கே இருக்கிறது? இல்லை. அதுதான் விசேஷமே. லஞ்சம் கொடுத்தால் ஒரு தீர்ப்புதான் கிடைக்கும்.

பிக்கெட்டி, சாயஸ் போட்ட கணக்குப்படி, 1970களில் அமெரிக்க வருமானத்தில் மேல்தட்டு 1 சதவிகிதத்தினர் பங்கு சுமார் 10 சதவிகிதம். 2010களில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எல்லாவற்றுக்கும் பவல்தான் காரணமா? அப்படிச் சொன்னால் அபத்தம். தொழில்நுட்பம், உலகமயம், வரிக்குறைப்பு என்று காரணங்கள் வரிசையில் நிற்கின்றன. ஆனால் வரிசையில் சட்டத்துக்கும் ஓர் இடம் உண்டு.

நான் பி.காம். படித்தவன். பொருளாதாரப் பாடத்தில் தப்பே இல்லை, நீதிபதிகளும் தாராளமாகப் படிக்கட்டும். ஆனால் ஒவ்வொரு பற்றுக்கும் எங்காவது ஒரு வரவு இருக்கும் என்பது முதல் வருஷப் பாடம். யாராவது இலவசமாகப் பாடம் நடத்தினால், ஃபீஸ் யார் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது என்று மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.